சுழல் லென்ஸ் பனோரமா கேமரா மலைக்கா, கூட்டத்துக்கா?

8 ஜனவரி 2025, காலை (கேள்வி)

அண்ணா, ஹொரைசன் 202 என்ற சுழல் லென்ஸ் பிலிம் கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இங்கே மொரீஷியஸில் லே மோர்ன் மலையையும் அதன் இரு பக்கக் கடலையும் ஒரே பிரேமில் எடுக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. 120 டிகிரி பிடிக்கும் என்கிறார்கள். போனிலேயே பனோரமா இருக்கும்போது இதற்குக் காசு போடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பனோரமா என்றாலே மலை, கடல், வானம்தானே? வாங்கலாமா?

8 ஜனவரி, இரவு

மலைக்காக என்றால் வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். லே மோர்ன் 556 மீட்டர் உயரம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது நம் கண்ணுக்கு ஆறு டிகிரிச் சொச்சம்தான். ஹொரைசனில் இருப்பது 28 மி.மீ. லென்ஸ். அந்த மலை பிலிமில் சுமார் 3 மி.மீ. உயரத்துக்குத்தான் விழும். பிரேமின் உயரம் 24 மி.மீ. மீதியெல்லாம் வானமும் தண்ணீரும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டாலும் மலை மூன்று சென்டிமீட்டர். நேரில் அண்ணாந்து பார்க்க வைக்கிற பாறை, படத்தில் ஒரு திட்டாக உட்கார்ந்திருக்கும்.

கூட்டத்துக்குள் நின்று எடுக்க என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

9 ஜனவரி

முதலில் இது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். லென்ஸ் ஒரு டிரம்முக்குள் இருக்கிறது. டிரம்மின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு மெல்லிய பிளவு. பிலிம் தட்டையாக நிற்காமல் டிரம்மைச் சுற்றி வளைந்து நிற்கிறது. ஷட்டரை அழுத்தினால் டிரம் சுழலும், பிளவு பிலிமை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிக்கொண்டு போகும். அவ்வளவுதான் கேமரா. ஹொரைசனின் பிரேம் 24க்கு 58 மி.மீ. 28 மி.மீ. ஆரத்தில் 120 டிகிரி வளைவு போட்டால் கிட்டத்தட்ட அந்த 58தான் வரும். அகலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு ரகசியம் கிடையாது.

இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. எப்போதும் லென்ஸின் நடுப்பகுதிதான் வேலை செய்கிறது. தட்டைப் பிலிமில் இவ்வளவு அகலமாகப் போனால் ஓரங்கள் இருட்டிவிடும், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டு அகலமாகும். இங்கே ஓரத்து முகமும் நடு முகமும் ஒரே வெளிச்சத்தில், முகமாகவே இருக்கும். கூட்டத்துக்கு இது ஏற்றது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

யோசனை பழசு. 1843இலேயே ஆஸ்திரியாவில் பூச்பெர்கர் என்பவர் சுழலும் லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் பாரிஸில் மார்ட்டென்ஸ் வளைந்த டாகுரோடைப் தகட்டில் (பிலிமுக்கு முந்தைய வெள்ளிப் பூச்சுத் தகடு) 150 டிகிரி எடுத்துக் காட்டினார். 1898இல் அமெரிக்காவில் அல்-விஸ்டா, மறுவருடம் கோடக் பனோரம். பிறகு ஜப்பானில் வைட்லக்ஸ், ரஷ்யாவில் எஃப்டி-2, 1967இல் ஹொரிசோன்ட், அதன் வாரிசுதான் உங்கள் 202. இத்தனையிலும் உள்ளே நடப்பது ஒன்றே.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

கேள்வி ஒன்று வந்திருக்கிறது. போன் பனோரமாவும் கீற்றுக் கீற்றாகத்தானே எடுக்கிறது, என்ன வித்தியாசம் என்று.

நேரம்தான் வித்தியாசம். போனை நாம் கையால் திருப்ப வேண்டும், பல நொடிகள் ஆகும். அதற்குள் நடக்கிறவர் இரண்டு கீற்றில் விழுவார், கையை வீசுகிறவருக்குக் கை பாதியில் முடிந்துவிடும். சுழல் லென்ஸில் பிளவு 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/125இல் இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது. 58 மி.மீ. கடக்க அதைப்போல 29 மடங்கு, அதாவது கால் நொடிக்கும் சற்றுக் குறைவு. கால் நொடியில் ஒரு கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

டிஜிட்டலில் பல படம் எடுத்து ஒட்டுவதற்கும் இதே பிரச்சினைதான். அதோடு இன்னொன்று. லென்ஸின் ஒளி நுழையும் புள்ளியை அச்சாக வைத்துக் கேமராவைத் திருப்பாவிட்டால் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒட்டும் இடத்தில் சேராது. ஆள் அசையாத நிலக்காட்சிக்கு ஒட்டுவேலை அருமையானது. திருவிழாவில் யாரை அசையாமல் நிற்கச் சொல்ல முடியும்?

12 ஜனவரி

அசைவு பற்றி இன்னும் கொஞ்சம். டிரம் சுழலும் திசையிலேயே ஒருவர் ஓடினால் பிளவு அவரை அதிக நேரம் பார்க்கும், படத்தில் நீண்டுபோவார். எதிர்த்திசையில் ஓடினால் ஒடுங்கிவிடுவார். போர்ட் லூயிஸில் ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதான வேலியோரம் நின்று நான் எடுத்த படங்களில் ஒரு குதிரைக்கு உடம்பு வண்டி நீளம் இருக்கிறது. அதன் ஜாக்கி மட்டும் அளவாக உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது, உற்றுப் பார்த்தால் அவரும் நீண்டுதான் இருக்கிறார்.

அந்த மைதானத்தில் 1812இலிருந்து பந்தயம் நடக்கிறது. யார் முதலில் வந்தார்கள் என்று தீர்மானிக்கும் போட்டோ பினிஷ் கேமராவும் பிளவுக் கேமராதான். பிலிம் காலத்தில் அங்கே பிளவு முடிவுக்கோட்டில் அசையாமல் நிற்கும், பிலிம் ஓடும். நமக்குப் பிலிம் நிற்கிறது, பிளவு ஓடுகிறது. இரண்டிலும் படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கேமராவோடு சண்டை போட வேண்டியிருக்காது.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். இன்று வீட்டில் உறவுக்கூட்டம், அதனால் இது நினைவுக்கு வந்தது.

குடும்பப் படம் எடுக்கும்போது ஆட்களை நேர்வரிசையில் நிறுத்தாதீர்கள். நடுவில் நிற்கும் தாத்தா மூன்று மீட்டரில் இருந்தால், நேர்வரிசையில் 60 டிகிரி ஓரத்தில் நிற்கும் பேரன் ஆறு மீட்டரில் இருப்பான். படத்தில் அவன் பாதி உயரம். கேமராவை மையமாக வைத்து அரைவட்டமாக நிறுத்துங்கள். எல்லோரும் ஒரே தூரம், ஒரே அளவு, படத்தில் பார்த்தால் நேராக வரிசையில் நிற்பது போல இருக்கும். நேரே போகும் சுவரும் ரோடும் மட்டும் பின்னால் வளைந்து தெரியும். அது இந்தக் கேமராவின் குணம், திருத்த முடியாது. செங்குத்துக் கோடுகள் வளையாது. தூணும் தென்னையும் கோபுரமும் நேராகவே நிற்கும், கேமரா மட்டமாக இருக்கும் வரை.

பிளாஷ் போடலாமா என்று மாமா கேட்டார். பயனில்லை. பிளாஷ் மின்னும் கணத்தில் பிளவு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்தக் கீற்றுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும்.

15 ஜனவரி

மட்டம் என்றதும் ஒருவர் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஹொரைசனில் வியூபைண்டருக்குள்ளேயே ரசமட்டம் தெரியும். குமிழை நடுவில் வைத்தால் தொடுவானம் நேர்கோடு. கேமராவைக் கீழே சாய்த்தால் தொடுவானம் நடுவில் மேடாகும், மேலே சாய்த்தால் நடுவில் குழியும். ஐந்து டிகிரி சாய்த்தாலே பிலிமில் ஒரு மி.மீ.க்கு மேல் வளைவு. அரை மீட்டர் அகலப் பிரிண்டில் அது ஒரு சென்டிமீட்டர். நாம் இருப்பது தீவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் ஒரு கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது, வளைந்தால் உடனே கண்ணில் குத்தும். கூட்டத்துக்குள் தொடுவானம் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் கொஞ்சம் சாய்ந்தாலும் பாதகமில்லை.

19 ஜனவரி

வேறு என்னென்ன வழி என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

வைட்லக்ஸ் எஃப்7, எஃப்8: 26 மி.மீ. லென்ஸ், வேகம் 1/15, 1/125, 1/250 மட்டும். ஜெஃப் பிரிட்ஜஸ் என்ற நடிகர் படப்பிடிப்புத் தளங்களில் இதை வைத்தே எடுத்துக்கொண்டிருப்பவர். கூட வேலை செய்கிறவர்களுக்கு நடுவே நின்று எடுத்த படங்கள் அவை. இந்தக் கேமராவை ஜெர்மனியில் புதிதாகச் செய்யும் முயற்சியிலும் அவர் சேர்ந்திருக்கிறார். கையில் பிடித்துப் பார்த்தால் உலோகக் கட்டி. பிலிம் போடுவதுதான் பாடு, உருளைகளுக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும்.

நோப்லெக்ஸ் 135: டிரெஸ்டனில் செய்தது. டிரம்மை மோட்டார் சுழற்றும், முழுச் சுற்று. முதல் பாதியில் வேகம் பிடித்து, சீரான பிறகுதான் பிலிமுக்கு வெளிச்சம் விடும். அதனால் படத்தில் செங்குத்தாகப் பட்டை விழும் தொல்லை மிகக் குறைவு. ஆனால் பேட்டரி தீர்ந்தால் படம் இல்லை.

எஃப்டி-2: 50 மி.மீ. லென்ஸ், 110 மி.மீ. நீளப் பிரேம். ஒரு ரோலில் 12 படம். அதற்கென்றே உள்ள கேசட்டில் இருட்டில் பிலிம் ஏற்ற வேண்டும். பொறுமைசாலிகளுக்கு.

ஹாசல்பிளாட் எக்ஸ்பான்: 1998இல் வந்தது, உள்ளே பியூஜி. இது சுழல்வதில்லை. தட்டைப் பிலிம், 24க்கு 65 மி.மீ. 45 மி.மீ. லென்ஸில் சுமார் 72 டிகிரி, 30இல் சுமார் 95. அந்த 30க்கு ஓர இருட்டைச் சரிக்கட்ட நடுவில் கறுத்த பில்டர் ஒன்று மாட்டுவார்கள். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், குவியம் (ஃபோகஸ்) வைக்கலாம், லென்ஸ் மாற்றலாம். விலை மட்டும் மிக அதிகம், உள்ளே இருக்கும் மின்னணுப் பாகம் பழுதானால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது.

தொண்ணூறுகளில் சின்னக் கேமராக்களில் பனோரமா என்று ஒரு சுவிட்ச் இருந்ததே, அதை நம்ப வேண்டாம். மேலும் கீழும் மறைத்து 13 மி.மீ. உயரக் கீற்றை விடும், அவ்வளவுதான். அதைவிட மீடியம் பார்மட் (அகலப் பிலிம்) கேமராவில் 35 மி.மீ. பிலிமை ஏற்றி எடுப்பது மேல். பிலிமின் பல் ஓட்டைகள் வரை படம் விழும், அது ஒரு தனி அழகு.

19 ஜனவரி, இரவு

தம்பியின் லே மோர்ன் ஆசையைத் தட்டிவிட்டு அப்படியே போய்விட்டேன், மனசு கேட்கவில்லை. எக்ஸ்பானில் 90 மி.மீ. லென்ஸ் போட்டால் அதே ஐந்து கிலோமீட்டரிலிருந்து மலை 10 மி.மீ. உயரத்துக்கு வரும். அகலம் 40 டிகிரி, இரு பக்கமும் கடல் போதுமான அளவு இருக்கும். எக்ஸ்பான் வாங்க முடியாதவர்கள் சாதாரண எஸ்எல்ஆர் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, மேலும் கீழும் வெட்டிவிடுங்கள். அதுவும் 40 டிகிரிதான். மலை 5 மி.மீ.க்கு மேல் வரும், ஹொரைசனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் ஆசைக்கு இருக்கிற லென்ஸே போதும், தனிக் கேமரா வேண்டியதில்லை.

2 பிப்ரவரி

பட்டை பற்றி. படத்தில் செங்குத்தாக வெளிறிய கீற்றோ கறுத்த கீற்றோ விழுந்தால் டிரம் சீராகச் சுழலவில்லை என்று அர்த்தம். எந்த இடத்தில் தயங்குகிறதோ அந்த இடத்தில் பிலிமுக்கு வெளிச்சம் கூடுதல், பிரிண்டில் வெளிறும். பழைய கிரீஸ் இறுகியிருக்கும், அல்லது தூசி. ரோல் போடுமுன் வெறும் கேமராவைப் பல முறை ஓடவிடுங்கள். ஓடும் சத்தத்தைக் காதில் வாங்குங்கள், நடுவில் சுருதி மாறினால் அங்கே பட்டை விழும். வாங்கப் போகும்போதும் இப்படிக் காதால்தான் பரிசோதிக்க வேண்டும். ஈரம் மிகுந்த கியூர்பிப் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அந்த ஈரத்துக்கு ஒரு மழைக்காலமே போதும்.

13 பிப்ரவரி

நேற்று முன்தினம் தைப்பூசம். கோர் த கார்ட் மலைச்சரிவில் சிவசுப்பிரமணியர் கோயில் படிக்கட்டில் நின்றிருந்தேன். இந்த இழையில் நான் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

படி பாதி ஏறியதும் ஒரு திருப்பம். அங்கே சுவரோடு ஒட்டி நின்றேன். ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை, துவாரம் எஃப் 16, வேகம் 1/250. குவியம் மாற்ற இந்தக் கேமராவில் வழியில்லை, ஆனால் எஃப் 16 வைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. அந்த ஒரு மீட்டர்தான் இங்கே எல்லாம். காவடி தூக்கி வருகிறவர் என் தோளை உரசிக்கொண்டு போகிறார். நாக்கில் வேல், முதுகில் கொக்கி கொக்கியாக எலுமிச்சம்பழம். பக்கத்தில் அவருடைய அக்காவோ அம்மாவோ, ஒரு கை காவடியின் கீழ்க் கட்டையைத் தாங்குகிறது, மறு கையில் வெற்றிலையும் தேங்காயும் மூடிய பால் செம்பு. பால் தளும்பி மணிக்கட்டில் வழிந்திருக்கிறது. கீழ்ப்படியில் தவில்காரர். மேற்படியில் விரதம் இருந்து களைத்த ஒரு பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குகிறார். இவர்கள் எல்லோரும் ஒரே பிரேமில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் முழு ஆளாக.

சாதாரண 28 மி.மீ. லென்ஸில் காவடிக்காரர் கிடைப்பார், மற்றவர்கள் போய்விடுவார்கள். 17 மி.மீ. போட்டால் பெரும்பாலோர் கிடைப்பார்கள், ஓரத்துப் பெரியவரின் முகம் இழுத்த ரப்பராகிவிடும். காவடி என்பது தூக்குகிறவர் ஒருவரின் காரியமில்லை, கூட நடக்கிற குடும்பத்தின் காரியம். அதைப் படத்தில் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே கருவி இது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அருள் வந்து நிற்கிறவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. இதை மார்போடு வைத்து எதிரே பொதுவாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், யாரையும் குறி வைக்க வேண்டாம். ஆனால் ஓரத்தில் இருப்பவருக்குத் தான் படத்தில் விழுகிறோம் என்றே தெரியாது. அதனால் காவடி புறப்படுமுன் ஆற்றங்கரையிலேயே குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்வது என் வழக்கம். வேண்டாம் என்று சொன்ன குடும்பம் வரும்போது கேமராவை மூடிவிடுவேன்.

14 பிப்ரவரி

வெயில் பற்றிக் கேட்டவருக்கு. 120 டிகிரியில் ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் நிழலும் கட்டாயம் வரும். ஒரு அளவுதான் வைக்க முடியும். நெகட்டிவ் பிலிமில் நிழலுக்கு வைத்துவிடுங்கள், வெயில் பக்கத்தைப் பிரிண்டில் பிடித்துக்கொள்ளலாம். ஸ்லைடு பிலிமை இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை. காவடியின் ரோஜா நிறத்துக்காகக் கலர் வேண்டும் என்பவர்கள் கலர் நெகட்டிவ் போடுங்கள்.

27 பிப்ரவரி

பிலிம் கழுவி வந்தது. ஒரு படம் போய்விட்டது. கடையில் வழக்கமான 36 மி.மீ. கணக்கில் நெகட்டிவை வெட்டி உறையில் போட்டுவிட்டார்கள். பால் செம்பு வைத்திருந்த அம்மாவின் மணிக்கட்டுக்கு நேராகக் கத்தரி விழுந்திருக்கிறது. உறையின் மேல் வெட்ட வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுத்தேன். வயிறு எரிகிறது.

எல்லோரும் கவனியுங்கள்: கழுவ மட்டும் சொல்லுங்கள், ஸ்கேன் வேண்டாம், ரோலை வெட்டாமல் சுருட்டித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் போதாது, கழுவுகிறவரிடமே வாயால் சொல்லுங்கள். 36 படப் பிலிமில் ஹொரைசனில் 22 படம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் புரியும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுவது இன்னும் நல்லது. ஸ்கேனுக்குத் தட்டை ஸ்கேனர். என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) போட மீடியம் பார்மட் என்லார்ஜர், 6க்கு 7 செ.மீ. அளவு வேண்டும். நெகட்டிவைப் பிடிக்கும் வழக்கமான 35 மி.மீ. கேரியரில் முழுப் படமும் தெரியாது.

23 மார்ச்

தம்பி கேமராவை வாங்கிவிட்டார், முதல் ரோலின் ஸ்கேனும் அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

லே மோர்ன் இருக்கிறது, நான் சொன்ன அதே 3 மி.மீ.யில். பரவாயில்லை, ஆசை தீர்ந்தது. இரண்டு படங்களில் ஓரத்தில் விரல் நுனி விழுந்திருக்கிறது. கைப்பிடியை மாட்டிக்கொண்டு பிடியுங்கள், இடது கை கேமராவின் முன்முகத்துக்கு வரவே கூடாது.

அவர் வீட்டு முற்றத்தில் பாட்டி முருங்கைக்கீரை ஆய்கிற படம்தான் இந்த ரோலில் சிறந்தது. பாட்டி ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால். இடப்பக்கம் துணிக்கொடி, வலப்பக்கம் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே நுழைகிற சிறுவன், அவன் டிரம்மின் திசையிலேயே நடந்திருக்கிறான் போல, கொஞ்சம் நீண்டிருக்கிறான். முற்றத்தின் சுவர் நன்றாக வளைந்திருக்கிறது, அதைச் சரி செய்கிறேன் என்று கணினியில் நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினால் பாட்டி ஒடுங்கி ஓரங்கள் இழுபடும்.

அடுத்த ரோலைப் போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில் எடுங்கள். காய்கறிக் கடைகளுக்கு நடுவே வழி குறுகல், இரு பக்கமும் ஆட்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, ஹொரைசனில் 1/8க்கும் 1/60க்கும் நடுவே வேகமே கிடையாது. 1/8இல் டிரம் மெதுவாகச் சுழலும், கையில் பிடித்தால் அலை அலையாக ஆடிவிடும். ஐஎஸ்ஓ 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1/60, எஃப் 5.6. அந்தத் துவாரத்துக்கு ஒரு மீட்டர் தெளிவாக வராது, இரண்டரை, மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

24 மார்ச்

ஆம், மார்க்கெட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கீரை வாங்கிக்கொண்டே கேட்டால் யாரும் மறுப்பதில்லை.